வாங்கி மூன்றே வாரம், என்ஜின் சூடாகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: பழைய கார் விற்கும் ஷோரூம் ஒன்றில் ஐந்து வருடம் ஓடிய பெட்ரோல் கார் வாங்கினேன். ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. ‘முழுசாகச் செக் பண்ணிய வண்டி, என்ஜின் நல்ல கண்டிஷன்’ என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். பத்தாவது நாள் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. அதிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடம் வண்டி உதறுகிறது. கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஒரு வாரமாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டினேன். இரண்டு முறை டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. என் மெக்கானிக் ‘ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது, ஹெட்டை இறக்க வேண்டும்’ என்கிறார். ஷோரூமில் கேட்டால், ‘உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், பழைய வண்டி என்றால் இப்படித்தான்’ என்கிறார்கள். வாங்கிய பிறகு 860 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மெக்கானிக்கிடம் வேலையை முடித்துவிட்டு, பில்லை ஷோரூமில் கொடுத்துப் பணம் கேட்கலாமா? விளக்கை மட்டும் இப்போதைக்கு அணைத்துத் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னார், கொஞ்சம் பொறுங்கள் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பதில்: விளக்கை அணைக்க விடாமல் நிறுத்தினீர்களே, நல்ல வேளை. உங்கள் வழக்கில் பாதி அந்த விளக்குக்குள்தான் இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். கடைக்குப் போய்வரக்கூட எடுக்காதீர்கள்.

தண்ணீர் ஊற்றி ஓட்டிய அந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கேஸ்கட் என்பது என்ஜின் பிளாக்குக்கும் மேலே உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடு. அது ஓர் இடத்தில் விட்டுப்போனால் அதை மட்டும் மாற்றி முடித்துவிடலாம். முள் ஏறிய பிறகும் ஓட்டினால் அலுமினிய ஹெட் சூட்டில் வளைகிறது, சில சமயம் விரிசலும் விடுகிறது. அப்புறம் செலவு வேறு கணக்கு. விற்றவர் கையில் நீங்களாகவே ஒரு வாதத்தையும் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்: ‘சூடாகிறது என்று தெரிந்தும் ஓட்டினார், அதனால்தான் போனது’. அது முழுக்கப் பொய்யும் இல்லை. ஆனாலும் இதை யாரிடமும் மறைக்காதீர்கள். இரண்டு முறை முள் ஏறியது, எந்தத் தேதி, எவ்வளவு நேரம் ஓட்டினேன் என்று நீங்களே எழுதி வையுங்கள். பின்னால் அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால், நீங்கள் சொன்ன உண்மைகளும் சேர்ந்து அடிபடும்.

உங்கள் நேர்க் கேள்விக்கு வருகிறேன். வேலையை முடித்துவிட்டு பில்லைக் கொடுப்பது மோசமான வழி. ஹெட்டை இறக்கிய மறு நிமிடம் பழைய கேஸ்கட் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும், கூலண்ட் சாக்கடைக்குப் போய்விடும், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்ததெல்லாம் அழிந்திருக்கும். மிச்சம் இருப்பது ஒரு பில். அந்த பில் வேலை நடந்தது என்று சொல்லும், குறை எப்போது வந்தது என்று சொல்லாது. இந்த மாதிரி விவகாரங்களில் சண்டை முழுக்க அந்த ஓர் இடத்தில்தான்: விற்ற அன்றே குறை வண்டியில் இருந்ததா, உங்கள் கையில் வந்த பிறகு வந்ததா? அதற்கு முதல் சாட்சி வண்டியேதான். சாட்சியைக் கழற்றிப் போட்டுவிட்டு நியாயம் கேட்கப் போகக் கூடாது.

சரி, விளக்குக்கு வருவோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை மெக்கானிக் அதில்தான் செருகுகிறார். பெரும்பாலானவர்கள் செருகியதும் செய்வது இரண்டு காரியம். என்ன குறை என்று கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் குறியீட்டை, அதாவது ‘கோடு’ (code) என்பதை, பார்ப்பார்கள், உடனே அழிப்பார்கள். விளக்கு அணைந்ததும் வாடிக்கையாளர் முகத்தில் ஒரு நிம்மதி, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் கோடுகளைத் தவிர வேறு சில எண்களும் கிடக்கின்றன. அதில் ஒன்று, கடைசியாகக் கோடு அழிக்கப்பட்ட பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற கணக்கு. ஸ்கேனரின் லைவ் டேட்டா பக்கத்தில் அது ஒரு வரியாக வரும். நிறையப் பேர் அந்த வரியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் இருக்கும்: அழித்த பிறகு என்ஜின் எத்தனை முறை குளிர்ந்த நிலையிலிருந்து சூடாகியிருக்கிறது என்று.

நீங்கள் ஓட்டியது 860 கிலோமீட்டர். அந்த வரியில் 870, 880 என்று நின்றால் என்ன அர்த்தம்? உங்களிடம் சாவி கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் யாரோ ஸ்கேனரைச் செருகி அழித்திருக்கிறார்கள். குறை இருந்தது, விளக்கு எரிந்தது, அணைத்துவிட்டு விற்றார்கள் என்ற கதைக்கு அது பலமான ஆதாரம். ஆனால் ஒரு எச்சரிக்கை: பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இந்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் போகும். விற்பதற்கு முன் புதுப் பேட்டரி போட்டேன் என்று அவர்கள் சொன்னால் அதுவும் நடந்திருக்கக்கூடியதுதான். பேட்டரி மேல் தேதி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். மாறாக அந்த வரியில் 5,000 என்று இருந்தால், விற்பனைக்காக அழித்தார்கள் என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். அப்போதும் குறை அன்றே இருந்திருக்கலாம். ஆனால் அதை வேறு வழியில்தான் காட்ட வேண்டும்.

கூடவே ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பக்கத்தையும் திறக்கச் சொல்லுங்கள். கோடு விழுந்த அந்த நொடியில் என்ஜின் சூடு எவ்வளவு, சுற்று எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் ஒரு படம் எடுத்து வைத்திருக்கும். உங்கள் வண்டியில் பி 0301 போன்ற மிஸ்ஃபயர் கோடு இருந்து, அது விழுந்த நேரத்தில் என்ஜின் குளிர்ந்திருந்தது என்றால் கதை பொருந்துகிறது. இரவெல்லாம் கூலண்ட் சிலிண்டருக்குள் கசிகிறது, காலையில் அந்தச் சிலிண்டர் ஒரு நிமிடம் எரியாமல் திணறுகிறது, நீங்கள் ‘உதறுகிறது’ என்று எழுதியது அதைத்தான். பி 0217 இருந்தால் அது அதிகச் சூட்டுக்கான கோடு. சில கம்பெனி வண்டிகளில், அந்தக் கம்பெனியின் சொந்த ஸ்கேனரைப் போட்டால் கோடு விழுந்தபோது ஓடோமீட்டர் என்ன காட்டியது என்பதுகூட வரும். அது கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். எல்லாப் பக்கத்தையும் ஓடோமீட்டரோடு சேர்த்து போட்டோ எடுங்கள். எடுத்து முடியும் வரை யாரும் ‘கிளியர்’ பட்டனைத் தொடக் கூடாது.

இரண்டாவது சாட்சி கூலண்ட் டப்பாவில் இருக்கிறது. பழைய வண்டி விற்பனையில் ஒரு பழைய தந்திரம் உண்டு. கேஸ்கட் லேசாகக் கசியும் வண்டியில் ரேடியேட்டருக்குள் சீலர் என்று ஒரு திரவத்தையோ பொடியையோ ஊற்றுவார்கள். சூடானதும் அது கசியும் இடத்தில் போய் இறுகி அடைத்துக்கொள்ளும். சில நாள், சில வாரம் தாங்கும், பிறகு விட்டுவிடும். உங்களுக்கு ஒன்பது நாள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பத்தாம் நாளிலிருந்து கூலண்ட் இறங்குகிறதே, அதைப் படித்ததுமே எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

பார்ப்பது எளிது. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ராத்திரி நிறுத்தி காலையில் பார்ப்பது உத்தமம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கை வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்து ஒரு டார்ச் அடியுங்கள். நல்ல கூலண்ட் பச்சையோ சிவப்போ நீலமோ, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். நீங்கள் தண்ணீர் சேர்த்ததால் வெளிறியிருக்கும், அது பரவாயில்லை. ஆனால் டப்பாவின் ஓரத்தில் பழுப்பாகச் சேறு ஒட்டியிருந்தாலோ, டார்ச் வெளிச்சத்தில் செம்புத் துகள் மாதிரி மினுங்கினாலோ, மூடியின் அடிப்பக்கம் மணல் மாதிரிப் படிவு இருந்தாலோ யாரோ சீலர் ஊற்றியிருக்கலாம் என்று சந்தேகப்பட இடம் உண்டு. ஒரு சுத்தமான கண்ணாடிச் சீசாவில் கொஞ்சம் எடுத்து மூடி, தேதி எழுதி வையுங்கள். எடுப்பதை வீடியோ பிடியுங்கள். நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ சீலர் ஊற்றவில்லையே? ஊற்றியிருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரிதானா என்று தெரிய வேண்டும். கூலண்ட் காணாமல் போனால் கேஸ்கட்தான் என்று கட்டாயம் இல்லை. வண்டிக்குள் வெதுவெதுப்பான காற்றுக்காக இருக்கும் சின்ன ரேடியேட்டர், அதாவது ஹீட்டர் கோர், ஒழுகினால் தரை விரிப்புதான் நனையும், தரையில் சொட்டாது. முன் சீட்டுப் பக்கம் விரிப்பைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள், இனிப்பு வாசனை அடிக்கிறதா என்றும் பாருங்கள். வாட்டர் பம்பில் கசிவது சூடான என்ஜின் மேல் பட்டு அங்கேயே காய்ந்து உப்புப் படிந்த மாதிரி நிற்கும். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி இருந்தால் கேஸ்கட் போச்சு என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். சின்னச் சின்னத் தூரம் மட்டும் ஓட்டும் வண்டியில் வெறும் ஈரத்திலேயே அப்படி வரும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நம்பத்தக்கது ரசாயனச் சோதனை. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, அதில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு உள்ளிருந்து வரும் காற்றை இழுப்பார்கள். சிலிண்டரில் எரிந்த புகை கூலண்டுக்குள் வருகிறதென்றால் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகும். அரை மணி நேர வேலை. நிறம் மாறுவதைத் தொடக்கத்திலிருந்து வீடியோ எடுத்தால் அதற்கு மறுபேச்சு குறைவு.

இந்தச் சோதனைகளை உங்கள் மெக்கானிக்கே செய்யலாம், ஆனால் அறிக்கை அவரிடம் வாங்க வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஹெட் இறக்கும் வேலை அவருக்குத்தான் வரப்போகிறது, அதைச் சொல்லியே எதிர்த்தரப்பு அவர் வாயை அடைத்துவிடும். வேலை எடுத்துச் செய்யாத, பரிசோதனை மட்டும் செய்யும் ஒருவரைத் தேடுங்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்கு வண்டி பார்க்கும் சர்வேயர்களில் பலர் தனியாகவும் செய்கிறார்கள். அவர் எழுத வேண்டியது ‘என்ஜின் மோசம்’ என்றல்ல. என்ன பார்த்தார், எந்தச் சோதனை, ஓடோமீட்டர் எவ்வளவு, இந்தக் குறை இத்தனை கிலோமீட்டருக்குள் புதிதாக வந்திருக்க வாய்ப்பு உண்டா இல்லையா, அதற்குக் காரணம் என்ன என்று எழுத வேண்டும். கடைசி இரண்டும் இல்லாத அறிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம் கடிதம். இதுவரை ஷோரூமில் பேசியதெல்லாம் வாய்ப்பேச்சு, காற்றோடு போனது. இனிமேல் எழுத்து. போனில் பேசினாலும், முடிந்ததும் ‘இன்று பேசியபோது நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்’ என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். விளம்பரம் இன்னும் இருந்தால் இன்றே படம் எடுத்து வையுங்கள். வண்டி விற்றதும் விளம்பரம் மறைந்துவிடும். ‘என்ஜின் நல்ல கண்டிஷன்’ என்ற அந்த மூன்று வார்த்தைதான் ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரிக்கு எதிரே நிற்கப்போவது. கடிதத்தில் ‘ஏமாற்றிவிட்டீர்கள்’ என்று எழுத வேண்டாம். ஷோரூம்காரரே யாரிடமோ ஏமாந்து வாங்கியிருக்கலாம். அவருக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் சீலர் ஊற்றியிருக்கலாம். அவர் மனசுக்குள் என்ன இருந்தது என்று நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. பல இடங்களில் குறை அன்றே இருந்தது என்று காட்டினால் போதும். இந்த அளவுக்கு எழுதுங்கள்:

‘இந்தத் தேதியில் உங்களிடம் வாங்கிய, இந்தப் பதிவு எண் கொண்ட கார், பத்தாம் நாள் முதல் இன்னின்ன குறைகளைக் காட்டுகிறது. இன்று ஓடோமீட்டரில் இத்தனை கிலோமீட்டர். வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். தனிப் பரிசோதகரின் அறிக்கையை இணைத்திருக்கிறேன். உங்கள் தரப்பிலும் ஆள் அனுப்பிப் பார்க்கலாம், அதுவரை எதையும் கழற்ற மாட்டேன். இந்தத் தேதிக்குள் உங்கள் செலவில் சரிசெய்து தர வேண்டும். முடியாதென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.’

‘உங்கள் தரப்பிலும் ஆள் அனுப்பிப் பார்க்கலாம்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால், நாளைக்கு ‘எங்களுக்குப் பார்க்கவே வாய்ப்புத் தரவில்லை’ என்று அவர்களால் சொல்ல முடியாமல் போகும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை, நாட்டுக்கு நாடு இது மாறும். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்ற அன்றே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தக் காலம் குறைந்தது ஒரு வருடம். அமெரிக்காவில் வியாபாரி விற்கும் பழைய வண்டியின் கண்ணாடியில், வாரண்டி உண்டா அல்லது உள்ளது உள்ளபடியா என்று சொல்லும் ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும், அதில் என்ன டிக் செய்திருந்தது என்பது முக்கியம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர இரண்டு வருடம் வரை நேரம் உண்டு, ஆனால் நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் உங்கள் தோளில்தான். எங்கே இருந்தாலும் ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரியைப் பார்த்தே பயந்துவிடாதீர்கள். தெரிந்தே மறைத்த குறைக்கு அது கேடயம் ஆவது அரிது. நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது, ஆகவே உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரையோ நுகர்வோர் உதவி மையத்தையோ இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

கடிதம் போனதும் பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், ‘சரி, வண்டியைக் கொண்டுவாருங்கள், எங்கள் ஆள் பார்த்துத் தருவார்’ என்பார்கள். அங்கேதான் நிறையப் பேர் இரண்டாவது முறை மாட்டிக்கொள்கிறார்கள். ஹெட்டை இறக்கி, புதுக் கேஸ்கட் ஒன்றை வைத்து மூடி அனுப்பிவிடுவார்கள். நான்கு மாதத்தில் அதே கதை திரும்ப வரும். ஒத்துக்கொள்வதற்கு முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள். ஹெட் இறங்கியதும் நீங்களோ உங்கள் பரிசோதகரோ பார்க்க வேண்டும். நேர்ச்சட்டம் வைத்து வளைவை அளக்க வேண்டும். பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினாலே ஃபேஸிங் போட வேண்டியிருக்கும், அதாவது ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்க வேண்டியிருக்கும். விரிசலுக்குப் பிரஷர் சோதனை செய்ய வேண்டும். ஹெட் போல்ட்டுகள் புதிது போட வேண்டும், ஏனென்றால் இப்போதைய வண்டிகள் பலவற்றில் அவை முறுக்கும்போதே நீளும்படி செய்யப்பட்டவை, இரண்டாம் முறை பிடிப்பு நிற்காது. சீலர் இருந்தது என்று தெரிந்தால் ரேடியேட்டரையும் ஹீட்டர் கோரையும் முழுக்கக் கழுவியோ மாற்றியோ தர வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சேறு புதுக் கேஸ்கட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய பாகங்கள் உங்களிடம் வர வேண்டும். வேலைக்கு வாரண்டி வேண்டும், எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணோடு.

இதற்கெல்லாம் தலையாட்டினால் நான் ரிப்பேருக்கே ஒத்துக்கொள்வேன். ‘அதெல்லாம் எதற்கு சார், எங்களை நம்புங்கள்’ என்றால் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் வழியைப் பிடிப்பேன். ஹெட்டில் விரிசல் என்று தெரிந்தாலும் அப்படித்தான். செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டால், முகத்தில் அடித்த மாதிரி மறுக்காதீர்கள். முள் ஏறிய பிறகும் ஓட்டியதற்கு ஓரளவு நியாயம் அவர்கள் பக்கமும் இருக்கிறது. கேஸ்கட் அவர்கள் கணக்கு, வளைவுக்கான ஃபேஸிங் உங்கள் கணக்கு என்று முடிந்தால் அது மோசமான ஒப்பந்தம் இல்லை. பிரேக் பேட், டயர், கிளட்ச், வைப்பர் மாதிரித் தேய்மானச் சாமான்களை இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். பழைய வண்டியில் அவை உங்கள் தலைவலிதான், சேர்த்தால் பெரிய குறையும் அதோடு சின்னதாகத் தெரியும்.

கடன் வாங்கி வாங்கியிருந்தால், கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். அது தனிப் பிரச்சினையாகி உங்கள் பெயரைத்தான் கெடுக்கும். கடன் கொடுத்தவருக்கும் கடிதத்தின் நகல் ஒன்று அனுப்புங்கள், சில நாடுகளில் அவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஷோரூமைத் திட்டி இணையத்தில் எழுதுவதை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். பேச்சுவார்த்தை நடக்கும்போது அது உதவியதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நாளைக் காலை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது முதலில் டப்பாவைத் திறந்து பாருங்கள். அடுத்து உங்கள் மெக்கானிக்கை வீட்டுக்கே ஸ்கேனரோடு வரச் சொல்லி அந்தக் கிலோமீட்டர் வரியைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்க மட்டும்தான். என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், கடிதத்தில் எதை முன்னால் வைப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.